முதலில் நிலத்துக்காரரைக் கேளுங்கள்: மெட்டல் டிடெக்டர் கேள்வி பதில்

இங்கிலாந்து வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். "தாத்தா வீட்டுத் தோட்டத்தில் புதையல் இருக்கிறதாம், என்ன மெஷின் வாங்கலாம்" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கான விடை கரூர் வாசகருக்குச் சொல்லியிருக்கும் பதிலில் இருக்கிறது.

கேள்வி (வாசகி, ரெடிங்): என் கணவர் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். பிறந்தநாளுக்கு ஒரு டிடெக்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசனை. 60 பவுண்டுக்கும் இருக்கிறது, 1,500 பவுண்டுக்கும் இருக்கிறது, தலை சுற்றுகிறது. எதை வாங்குவது?

வாங்கிக் கொடுங்கள், காலாற நடக்கவும் ஆகும், மனசுக்கும் வேலை கிடைக்கும். 60 பவுண்டு மெஷினைத் தொடவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி 'பீப்' அடித்து, இரும்பு ஆணியையும் வெள்ளிக் காசையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல், இரண்டே வாரத்தில் மனிதரை வெறுக்க வைத்துவிடும். 1,500 பவுண்டு மெஷினும் இப்போது வேண்டாம், அதில் இருக்கும் வசதிகள் எதற்கு என்று புரியவே ஒரு வருஷம் வயலில் நடந்திருக்க வேண்டும். நொக்டா, மைன்லேப், கேரெட் ஆகிய கம்பெனிகளின் ஆரம்பநிலை மாடல்கள் 250 முதல் 350 பவுண்டுக்குள் கிடைக்கும், அதில் ஒன்று போதும். மூன்றில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கையில் பிடித்துப் பார்த்து எடை எது தோதாக இருக்கிறதோ அதை எடுங்கள், ஏனென்றால் நாலு மணி நேரம் ஒரே கையால் வீசிக்கொண்டே நடக்கிற வேலை இது, வயதானவர்களுக்குத் தோள்தான் முதலில் மக்கர் பண்ணும்.

மெஷினோடு கூடவே ஒரு பின்பாயின்டர் வாங்கிவிடுங்கள். கேரட் கிழங்கு அளவுக்கு இருக்கும் ஒரு கைக்கருவி அது, குழிக்குள் நீட்டினால் காசு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடும். இது இல்லாதவர்கள் தோண்டிப் போட்ட மண்ணைக் கையால் பிசைந்து பிசைந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நல்ல எஃகில் செய்த சின்ன மண்வெட்டி, தடித்த கையுறை, ஹெட்போன். பண்ணைக்காரரின் நாய் முதல் பக்கத்து வயல் ஆடு வரை உங்கள் 'பீப்' சத்தத்தைக் கேட்க வேண்டிய அவசியமில்லை, மெல்லிய சிக்னலும் ஹெட்போனில்தான் காதில் விழும்.

அவர் முதலில் வீட்டுத் தோட்டத்திலேயே பழகட்டும். ஒரு பென்னி, ஒரு பழைய வெள்ளி மோதிரம், ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு டின் மூடி வளையம், கொஞ்சம் அலுமினியத் தாள், இவற்றைத் தரையில் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொன்றும் என்ன சத்தம் போடுகிறது, திரையில் என்ன எண் காட்டுகிறது என்று காது பழகும் வரை கேட்கச் சொல்லுங்கள். காயிலை, அதாவது மெஷின் தண்டின் அடியில் இருக்கும் தட்டை, தரையை ஒட்டி, மட்டமாக, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் பாதி விழுகிற மாதிரி மெதுவாக வீச வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் புல் வெட்டுகிற வேகத்தில் வீசி, வீச்சின் இரண்டு முனையிலும் காயிலை மேலே தூக்கிவிடுகிறார்கள், அந்த முனையில் இருக்கிற காசு அப்படியே தப்பிவிடும். சிக்னல் கிடைத்தால் அதே இடத்தில் தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று இன்னொரு தரம் வீசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுத்தமாக ஒலித்தால் தோண்டலாம், ஒரு பக்கம் ஒலித்து மறுபக்கம் காணாமல் போனால் பெரும்பாலும் ஆணி.

ஆரம்பத்தில் என்ன கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன்: ஈயத் துண்டு, கோட்டுப் பித்தான், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி, அறுவடை இயந்திரத்தில் மாட்டிச் சிதைந்த பியர் டப்பா. அதற்கு நடுவில் ஒரு நாள் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, தாள் மாதிரி மெல்லிய ஒரு வெள்ளிக் காசு, சுத்தியலால் அடித்துச் செய்த மத்தியகாலப் பென்னி, ஈர மண்ணில் ஒட்டிக்கொண்டு வரும். அறுநூறு, எழுநூறு வருஷம் யாரும் தொடாத பொருள் அது. அந்த நிமிஷத்துக்கு அப்புறம் அவரை நீங்கள் வீட்டில் பிடித்து வைக்க முடியாது.

கேள்வி (வாசகர், ஹாரோ): அண்ணை, மெஷின் வாங்கியாச்சு. எங்கட வீட்டுக்குப் பக்கத்தில பெரிய பார்க் ஒன்று இருக்கு, காலமை ஆக்கள் இல்லாத நேரம் போய்த் தேடினால் பிரச்சினையோ? ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ.

பிரச்சினைதான், போகாதீங்கோ. இங்கிலாந்தில் சொந்தக்காரர் இல்லாத நிலம் என்று ஓர் அங்குலம்கூடக் கிடையாது. அந்தப் பார்க் உள்ளாட்சிக் கவுன்சிலுக்குச் சொந்தம், பெரும்பாலான கவுன்சில்கள் டிடெக்டரை அனுமதிப்பதில்லை, அனுமதிக்கிற சிலவும் எழுதிக் கேட்டால்தான் தரும். லண்டனின் ராயல் பார்க்குகளில் கூடாது, பழைய மாளிகைகளையும் இயற்கை இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் நிலங்களிலும் கூடாது. வயல் நடுவே பொது நடைபாதை போகிறதே என்று அதில் இறங்கித் தேடவும் முடியாது, அந்த உரிமை நடப்பதற்கு மட்டும்தான். தேம்ஸ் கரையில் நீர் வற்றும்போது தேடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதற்கும் போர்ட் ஆஃப் லண்டன் அத்தாரிட்டியின் அனுமதிச் சீட்டு வேண்டும். இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்கள்: 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே தனி ஒப்புதல் இல்லாமல் டிடெக்டரைப் போடுவதே குற்றம், தோண்டியிருக்கக்கூட வேண்டாம்.

சரி, அப்படியானால் எங்கேதான் போவது? விவசாயிகளிடம் போய்க் கேட்க வேண்டும். எல்லாரும் தயங்குகிற இடம் இதுதான், நம் ஆட்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தயங்குகிறோம், நம் முகத்தைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று. தயங்க வேண்டாம். அறுவடை நேரத்தில் போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மழை நாளில், பகல் சாப்பாட்டுக்கு அப்புறம், சுத்தமான உடுப்போடு, டிடெக்டரைக் காரிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு போய் நில்லுங்கள். பெயர், எங்கே இருக்கிறீர்கள், காப்பீடு இருக்கிறது, தோண்டிய குழியை மூடிவிடுவேன், கிடைக்கிற எல்லாவற்றையும் உங்களுக்குக் காட்டுவேன், இவ்வளவையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டு ஒரு தாளில் எழுதிய சின்ன ஒப்பந்தத்தைக் கொடுங்கள். காப்பீடு டிடெக்டர்காரர்களின் தேசிய கவுன்சிலில் உறுப்பினரானால் கூடவே கிடைக்கும். ஒப்பந்தத்தில், விலைபோகிற பொருள் கிடைத்தால் ஆளுக்குப் பாதி என்று எழுதிவிடுவது வழக்கம்.

பத்து வீட்டில் கேட்டால் எட்டில் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள், காரணம் இருக்கிறது. இரவில் திருட்டுத்தனமாக வயலில் இறங்கித் தோண்டுகிற கும்பல்கள் உண்டு, 'நைட்ஹாக்' என்று பெயர். பயிரை மிதித்து, குழியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போவார்கள், அந்தக் குழியில் மாடு கால் விட்டால் கால் போய்விடும். இதைப் பட்ட விவசாயி உங்களை நம்பக் கொஞ்ச காலம் ஆகும்.

மேய்ச்சல் நிலமாக இருந்தால் வட்டமாகக் குத்தி எடுக்காமல், மூன்று பக்கம் வெட்டி நாலாவது பக்கத்தை வேரோடு விட்டு, புல்தரையைக் கதவு மாதிரி மடித்துத் திறங்கள். மண்ணை ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் போடுங்கள், பொருளை எடுத்ததும் மண்ணைத் திருப்பிக் கொட்டி, புல்லை மூடி, காலால் அழுத்துங்கள். அடுத்த வாரம் வந்து பார்த்தால் எங்கே தோண்டினீர்கள் என்று உங்களுக்கே தெரியக்கூடாது. தனியாகப் போக யோசனையாக இருந்தால் உள்ளூர் கிளப் ஒன்றில் சேர்ந்துவிடுங்கள், அவர்களுக்கு ஏற்கெனவே அனுமதி வாங்கிய வயல்கள் இருக்கும்.

ஸ்காட்லாந்துக்குப் போகிறீர்கள் என்றால் சட்டம் வேறு, அங்கே கிடைக்கிற பழம்பொருள் எல்லாம் அரசுக்குச் சேரும், அறிவித்தாக வேண்டும். அயர்லாந்தில் அனுமதி இல்லாமல் பழம்பொருள் தேடுவதே குற்றம். பெட்டியைக் காரில் ஏற்றுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்): இது எப்படி வேலை செய்கிறது? தங்கத்தை மட்டும் காட்டும் மெஷின் இருக்கிறது என்று ஒருவர் எங்கள் அப்பாவிடம் ஒன்றரை லட்சம் கேட்கிறார், நம்பலாமா?

நம்ப வேண்டாம், அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்றில் மாறுமின்னோட்டம் ஓடி, கீழே மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, அதுவும் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும், இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கும். அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்கும் இடையில் இருக்கும் கட்ட (phase) வித்தியாசத்தைத்தான் மெஷின் அளந்து ஓர் எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண் உலோகத்தின் கடத்துதிறனையும், அளவையும், தடிமனையும், மண்ணில் கிடக்கும் கோணத்தையும் பொறுத்தது. அதனால்தான் ஒரு மெல்லிய தங்க மோதிரமும், டின் மூடி வளையமும், கசங்கிய அலுமினியத் தாளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. தங்கத்துக்கு மட்டும் என்று ஒரு தனி எண் இயற்கையிலேயே இல்லை. சாதாரண மெஷினுக்கு ஒரு காசு ஒரு சாண் ஆழத்தில் தெரிந்தாலே பெரிது, "முப்பது அடி ஆழத்தில் காட்டும், அரை மைல் தூரத்திலிருந்து காட்டும்" என்கிறவர் உங்கள் பணத்தைத் தேடி வந்தவர். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளை மாதிரியாக வைத்துப் போலி வெடிகுண்டு டிடெக்டர் செய்து ஈராக்குக்கு விற்ற ஒரு பிரிட்டிஷ் வியாபாரிக்கு 2013இல் 10 ஆண்டு சிறை கிடைத்தது. அதை நம்பிச் சோதனைச் சாவடியில் நின்றவர்களின் உயிரோடு விளையாடிய விஷயம் அது. அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று ஏமாற்றி ரைஸ் புல்லிங் கலசம் விற்கிற கும்பல் நம் ஊரில் இன்னும் ஓயவில்லை, இந்தத் தங்க டிடெக்டரும் அதே வழியில் வருவதுதான்.

நீங்கள் மாணவர் என்பதால் இதையும் சொல்கிறேன். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட இதே தூண்டல் தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டுபோனவர் தொலைபேசி கண்ட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல். குண்டு கிடைக்கவில்லை, படுத்திருந்த மெத்தைக்குள் உலோக ஸ்பிரிங்குகள் இருந்தது ஒரு காரணம், மருத்துவர் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டது இன்னொன்று. கருவி சரியாக இருந்தாலும் சுற்றிலும் கிடக்கும் உலோகம் ஏமாற்றிவிடும் என்பதை இன்றைக்கும் நாங்கள் ஒவ்வொரு வயலிலும் பார்க்கிறோம்.

கேள்வி (வாசகர், கரூர்): சார், எங்கள் ஊர் அமராவதி ஆற்றில் பழங்காசு கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். வெளிநாட்டில் இருப்பவர் மெஷின் அனுப்பித் தருகிறார். ஆற்றிலும், எங்கள் சொந்தப் புஞ்சையிலும் தேடலாமா?

உங்கள் ஆர்வம் எனக்கு நன்றாகவே புரிகிறது. கரூர் அமராவதி மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்ததை வைத்துத்தான் கொங்கு நாட்டு வணிகத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டோம். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், சட்டம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும், மறைத்தால் சிறைத் தண்டனை வரை போகும். உங்கள் சொந்தப் புஞ்சை என்பதால் விலக்கு கிடையாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டர் தூரம் தடை செய்யப்பட்ட பகுதி என்பதும் நினைவில் இருக்கட்டும், கோயில்களும் கோட்டைகளும் நிறைந்த நம் ஊரில் அந்த நூறு மீட்டர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இங்கிலாந்தில் நாங்கள் தேடுவது பெரும்பாலும் நூற்றாண்டுகளாக உழுது புரட்டிய மேல்மண்ணில். அங்கே அடுக்கு ஏற்கெனவே கலைந்துவிட்டது, காசை எடுப்பதால் புதிதாகக் கெடுவது குறைவு. உழவு படாத அடிமண்ணில் நிலைமையே வேறு. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரி கி.மு. 580 என்று காலம் காட்டியது. அந்தத் துண்டு எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எந்தப் பானையோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்று எழுதி வைத்ததால்தான் அதற்கு அந்த மதிப்பு. அதையே நீங்களோ நானோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடப்பாரையால் நெம்பி எடுத்திருந்தால் கையில் ஒரு கரித்துண்டு இருந்திருக்கும், அவ்வளவுதான். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. ஒரே குவியலாக இருந்ததால் அது தற்செயல் இல்லை, யாரோ வேண்டுமென்றே செய்தது என்று ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து ஒவ்வோர் அடகுக்கடையில் உருக்கியிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

உழும்போதோ கிணறு தோண்டும்போதோ தானாக ஏதாவது வந்தால் அப்படியே நிறுத்திவிட்டு, இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, கலெக்டருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் கண்டெடுத்தவரைக் கைவிடவில்லை, உரிமை கோர யாரும் இல்லாத புதையலில் அவருக்குப் பங்கு உண்டு. காசின் மேல் ஆசை என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ஒரு நாள் செலவழியுங்கள், ஊரில் தொல்லியல் துறை அகழாய்வு நடந்தால் போய்ப் பாருங்கள், சல்லடையில் மண் சலிக்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே எவ்வளவு கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): இங்கே செய்யலாமா?

வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, புதையல் தோண்டியதாகக் கைதானவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருவது உங்களுக்கே தெரியும். அதைவிட, வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த மண்ணில் உலோகச் சிக்னலைத் தோண்டிப் பார்ப்பது பயிற்சி பெற்றவர்கள் கவசத்தோடு செய்கிற காரியம். பொழுதுபோக்காக அதில் இறங்கவே கூடாது.

கேள்வி (வாசகர், இப்ஸ்விச்): கிளப்போடு போனபோது ஒரு பழைய வெள்ளிக் காசு கிடைத்தது. வீட்டில் பற்பசை போட்டுத் தேய்க்கலாமா? விற்றால் என்ன வரும்?

தேய்க்காதீர்கள்! பற்பசை, எலுமிச்சை, புளி, சமையல் சோடா எதுவும் கூடாது. மேலே படிந்த நிறத்தோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். வடிகட்டிய நீரில் மண் இளகும் வரை ஊற விட்டு, தானாக உலர விடுங்கள், போதும். எடுத்த இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் அன்றைக்கே குறித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றால் நினைவு இருக்கும்போதே கிளப்காரர்களைக் கேட்டுக் குறித்துவிடுங்கள்.

தனி வெள்ளிக் காசு பொதுவாக 'டிரெஷர்' கணக்கில், அதாவது சட்டம் சொல்லும் புதையல் கணக்கில், வராது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 300 வருஷத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதே வயதுள்ள, காசு அல்லாத பொருளில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ இருந்தால் ஒன்றே போதும். 2023இலிருந்து 200 வருஷத்துக்கு மேற்பட்ட, விசேஷ வரலாற்று மதிப்புள்ள உலோகப் பொருள்களும் சேர்ந்துகொண்டன. அப்படி ஏதாவது கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனருக்கு (சந்தேக மரணங்களோடு புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) அறிவிக்க வேண்டும், அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் அதன் சந்தை மதிப்பு உங்களுக்கும் நிலத்துக்காரருக்கும் வந்துசேரும். டிரெஷர் இல்லாத காசையும் உங்கள் மாவட்டத்துக் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் அந்தப் பதிவேட்டில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன, காசை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவார்கள்.

உங்கள் சஃபோக் மாவட்டத்திலேயே நடந்தது இது. 1992 நவம்பரில் ஹாக்ஸ்னி கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார், டிடெக்டர் வைத்திருந்த நண்பர் தேடப் போனார், சுத்தியலுக்கு முன்னால் ரோமானியப் பொன்னும் வெள்ளியும் வந்தது. அந்த மனிதர் கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார், மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து அடுக்கு கலையாமல் எடுத்தார்கள். கிட்டத்தட்ட 15,000 காசுகள், கூடவே நாலு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். அவற்றில் ஒன்று அரசி மாதிரி ஒரு பெண்ணின் மார்பளவு உருவம், அடியில் சுழலும் தட்டு, ஒரு நிலையில் மூடியிருக்கும், ஒரு நிலையில் மிளகு நிரப்பலாம், இன்னொரு நிலையில் தூவலாம். அந்த மிளகு முசிறிக் கரையைப் போன்ற மேற்குக் கடற்கரைத் துறைமுகங்கள் வழியாக நம் பக்கத்திலிருந்து போனது. பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகும் தமிழர்கள் தவறாமல் பார்க்க வேண்டும், தொலைந்த சுத்தியலையும் மியூசியத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

நேர்மாறாக நடந்ததும் உண்டு. 2015இல் ஹெர்ஃபோர்டுஷரில் லெம்ஸ்டர் பக்கம் ஒரு வைக்கிங் காலப் புதையலைக் கண்ட இரண்டு பேர் நிலத்துக்காரருக்கும் சொல்லாமல் கொரோனருக்கும் சொல்லாமல் பிரித்து விற்றார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்கிறார்கள், மீண்டது முப்பது சொச்சம்தான். மீண்டவற்றில் வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட்டும் மெர்சியா அரசர் கியோல்வுல்ஃபும் ஒரே மாதிரி காசு அடித்தது தெரியவந்து, அந்த இரண்டு அரசுகளும் கூட்டாளிகளாக இருந்ததற்குச் சான்றாக நிற்கிறது. மீதிக் காசுகளில் இன்னும் என்ன இருந்ததோ, நினைத்தால் வயிறு எரிகிறது. 2019இல் ஒருவருக்கு 10 ஆண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறை, மேல்முறையீட்டில் பிறகு குறைத்தார்கள். ஒழுங்காக அறிவித்திருந்தால் சட்டப்படியே பெரும் பணம் வந்திருக்கும்.

விற்றால் என்ன வரும் என்று கேட்டிருந்தீர்கள். மத்தியகால எட்வர்ட் அரசர்கள் காலத்துத் தனிப் பென்னி என்றால் ஒரு குடும்பம் வெளியே சாப்பிடுகிற செலவுகூடப் பல நேரம் வராது. நிலத்துக்காரரிடம் காட்டிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகி, சவுத்எண்ட்): பத்து வயது மகள் கேட்கிறாள். கடற்கரையில் தொடங்கலாமா? மோதிரம் ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது?

குழந்தைக்குக் கடற்கரையைவிட நல்ல இடம் இல்லை, மணல் கையாலேயே தோண்ட வரும். அரசமகுடத்துக்குச் சொந்தமான நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் வசம் இருக்கும் கரைகளில் அலை ஏறி இறங்கும் பகுதியில் தனிச் சீட்டு இல்லாமல் தேடலாம். ஆனால் எல்லாக் கரையும் அவர்களுடையது இல்லை, மேல் மணல் பெரும்பாலும் கவுன்சிலுடையது, உங்கள் கரை யாருடையது என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஈர உப்பு மணலில் ஒற்றை அதிர்வெண் மெஷின் காரணமே இல்லாமல் கத்தும், அவளை உலர் மணலில் தேடவிடுங்கள். கூர்மையான டின் துண்டுகள் வரும், கையுறை கட்டாயம். குண்டு மாதிரி, உருளை மாதிரி துருப்பிடித்த எதையாவது பார்த்தால் தொடாமல் விலகி 999க்கு அழைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுங்கள், போர்க்காலத்து வெடிகள் அந்தக் கரைகளில் இன்னும் வருகின்றன.

மோதிரம் கிடைத்தால் அது தொலைத்தவருடையது. போலீஸில் சொல்லுங்கள், ஊர் ஃபேஸ்புக் குழுவிலும் "மோதிரம் கிடைத்தது, எந்த வார இறுதி, எந்தப் பக்கம்" என்று மட்டும் போடுங்கள், படம் போடாதீர்கள். உள்பக்கம் பெயரோ தேதியோ பொறித்திருந்தால் அதை வெளியே சொல்லவே வேண்டாம், உரிமை கேட்டு வருகிறவர் வாயிலிருந்து அது வரட்டும்.